பேங்க் இன்ஜினியர் பார்த்துவிட்டாரே, போதாதா?

வீடும் கட்டடமும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: வீடு வாங்கும்முன் கட்டடத்தை யாரிடம் காட்டிச் சோதிப்பது? எனவே மாடித் தோட்டம், சமையலறை மேடை பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இதற்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன். புதிய வாசகர்களுக்காக ஒரு வரி: நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். சென்னையில் பழைய கட்டடங்களைச் சோதித்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலையில் பெரும்பகுதி.

*

கேள்வி: மடிப்பாக்கத்தில் 15 வருடப் பழைய ஃப்ளாட்டை 80 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. பேங்கிலிருந்து இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டுப் போனார், கடனும் சாங்ஷன் ஆகிவிட்டது. "பேங்கே ஓகே சொன்ன பிறகு இன்னொரு இன்ஜினியர் எதுக்கும்மா, வீண் செலவு" என்கிறார் புரோக்கர். என் கணவரும் அதையே சொல்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: உங்கள் மனசு ஒப்பாதது சரிதான் அம்மா. பேங்க் அனுப்பியவர் உங்களுக்காக வந்தவர் இல்லை.

அவர் மதிப்பீட்டாளர். நீங்கள் தவணை கட்டாமல் விட்டு, பேங்க் இந்த ஃப்ளாட்டை ஏலத்துக்குக் கொண்டுபோனால் எவ்வளவு தேறும் என்பதுதான் அவரிடம் கேட்கப்படும் கேள்வி. அதற்காக அவர் வீட்டை அளக்கிறார், படம் எடுக்கிறார், அப்ரூவ்டு பிளானோடு ஒப்பிடுகிறார், அந்தத் தெருவில் சதுர அடி என்ன விலை போகிறது என்று விசாரிக்கிறார், கட்டடத்துக்கு இன்னும் இத்தனை வருட ஆயுள் என்று ஓர் எண்ணைப் போடுகிறார். அந்த வேலையை ஒழுங்காகவே செய்திருப்பார். ஆனால் பாத்ரூம் மேல்தளத்தில் ஓதம் ஏறியிருக்கிறதா, பால்கனிக் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலையில் சேராது. கட்டணத்தை நீங்களே கட்டியிருந்தாலும் ரிப்போர்ட் பேங்குக்குப் போகிறது. நிலத்தில் உங்களுக்கு வரும் பங்கும் உங்கள் வீட்டுச் சம்பளமும் பேங்குக்குப் போதுமான பிடிமானம். ஒழுகும் தளத்துக்குக் கீழே குடியிருக்கப்போவது நீங்கள்.

இந்த வியாபாரத்தில் இருப்பவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பாருங்கள். புரோக்கருக்குப் பத்திரம் முடிந்தால்தான் கமிஷன். விற்பவருக்கு விலை குறையக் கூடாது. வக்கீல் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று பார்க்கிறார். கட்டடத்தை அவர் பார்ப்பதில்லை. சுவரையும் பில்லரையும் உங்கள் பக்கம் நின்று பார்க்க ஒருவர்கூட இல்லை. நீங்கள் காசு கொடுத்து, உங்களுக்கு மட்டும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆள் வேண்டும். நான் சொல்ல விரும்பும் விஷயமே இவ்வளவுதான். பட்டம், அனுபவம், கருவி எல்லாம் இதற்கு அடுத்தபடி.

அப்படி ஒருவர் வந்தால் உங்கள் ஃப்ளாட்டுக்குள் நுழையும்முன் மொட்டைமாடிக்குப் போவார். தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, தண்ணீர் வடியும் வாட்டம் சரியா, கைப்பிடிச் சுவர் ஓரத்தில் செடி முளைத்திருக்கிறதா, மேல்நிலைத் தொட்டியைத் தாங்கும் கால்கள் வெடித்திருக்கின்றனவா என்று பார்ப்பார். பிறகு கார் நிறுத்தும் இடத்துக்கு வருவார். ஸ்டில்ட்டில் நிற்கும் பில்லர்கள்தான் மொத்தக் கட்டடத்தையும் சுமக்கின்றன. அவற்றின் மூலைகளில் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் வெடிப்பு ஓடி, அதில் பழுப்புக் கறையும் இருந்தால், உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஹாலில் எவ்வளவு அழகான ஃபால்ஸ் சீலிங் இருந்தாலும் அந்தக் கறைக்குப் பதில் கிடைத்த பிறகுதான் மேலே பேச வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கிலும் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பவர்தான் நல்ல இன்ஜினியர். ஒழுகல் தெரியாமல் மறைக்க அதைவிடச் சுலபமான வழி வேறில்லை.

வீட்டுக்குள்ளே எல்லா விரிசலும் ஒன்றல்ல. பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக ஓடும் மெல்லிய கோடு, இரண்டு வேறு பொருள்கள் வெயிலில் வேறு வேறு அளவில் நீண்டு சுருங்குவதால் வருவது. பூசும்போது அங்கே கோழிவலை வைத்திருந்தால் பெரும்பாலும் வந்திருக்காது, இப்போதும் சரிசெய்துகொள்ளலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒல்லியாகவும் இருக்கும் விரிசலோ, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதன் அடையாளமாக இருக்கக்கூடும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

மடிப்பாக்கம் என்பதால் இன்னொன்று. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி அது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே தண்ணீர் எங்கே நின்றது என்பதைக் காவலாளியிடமும் எதிர்வீட்டுக்காரரிடமும் கேளுங்கள். காம்பவுண்டுச் சுவரில் கறை எந்த உயரத்தில் இருக்கிறது, ஈ.பி. மீட்டர் போர்டும் சம்ப் மோட்டாரும் பிற்பாடு உயர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று இன்ஜினியர் பார்க்கட்டும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையிலோ அது விட்டவுடனோ வீட்டைக் காட்டுங்கள். பொங்கலுக்குப் புது பெயின்ட் அடித்த சுவர் எதையும் வெளியே சொல்லாது.

செலவைப் பற்றி உங்கள் கணவரிடம் இப்படிச் சொல்லுங்கள். 80 லட்சம் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 7,20,000 ரூபாய் அரசுக்குக் கட்டப்போகிறீர்கள். புரோக்கருக்கு 1 சதவீதம் என்றாலே 80,000. கட்டடத்தைச் சோதிக்கும் இன்ஜினியரின் கட்டணம் அந்தக் கமிஷனில் ஒரு சிறு பங்குதான் வரும். அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்னால் அவர் வந்து பார்த்துவிட வேண்டும். அவசரமாகக் கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், "இன்ஜினியர் ஆய்வில் கட்டட அமைப்பில் பெருங்குறை தெரிந்தால் அட்வான்ஸ் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற வாசகத்தை விற்பனை ஒப்பந்தத்தில் வக்கீலைக் கொண்டு எழுதி வாங்குங்கள்.

*

கேள்வி: கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். இங்கே வீடு வாங்கியபோது ஹோம் இன்ஸ்பெக்டரை வைத்துப் பார்த்துத்தான் வாங்கினோம். இப்போது அம்மா அப்பாவுக்காகத் திருவான்மியூரில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, 1990-களில் கட்டிய ஃப்ளாட் பார்க்கிறோம். சென்னையில் லைசென்ஸ் உள்ள ஹோம் இன்ஸ்பெக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: ஹோம் இன்ஸ்பெக்டருக்கென்று தனி லைசென்ஸ் இந்தியாவில் கிடையாது. ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதன்கீழ் பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். சிவில் இன்ஜினியர்களுக்கு அப்படி ஒரு சட்டம் நாடு முழுமைக்கும் இன்னும் இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் வீட்டுச் சோதனை நிறுவனம் என்று கார்டு அடித்துக்கொள்ள முடியும். உங்கள் ஊரிலும் நிலைமை பெரிதாக மாறுபட்டதல்ல. பிரிட்டிஷ் கொலம்பியா 2009-லும் ஆல்பர்ட்டா 2011-லும் லைசென்ஸைக் கட்டாயமாக்கின. ஸ்கார்பரோ இருக்கும் ஒன்டாரியோவிலோ 2017-ல் சட்டம் நிறைவேறியும் அது நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. ஆகவே அங்கே நீங்கள் நல்லவரைத் தேடிப் பிடித்த அதே கவனம் இங்கேயும் போதும். கேட்க வேண்டிய கேள்விகள்தான் கொஞ்சம் வேறு.

முதலில், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைத் தேடுங்கள். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வும் உள்ளாட்சி அமைப்புகளும் இன்ஜினியர்களைப் படிப்பும் அனுபவமும் பார்த்துப் பதிவு செய்கின்றன. பதிவு எண்ணையும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் கேளுங்கள். தயங்காமல் சொல்பவரிடம் மட்டும் மேலே பேசுங்கள்.

அடுத்து, அவர் எந்த மாதிரி வேலை செய்து வந்திருக்கிறார் என்று பாருங்கள். புதுக் கட்டடத்துக்கு டிசைன் போடுவது ஒரு திறமை. முப்பது வருடம் உப்புக்காற்றில் நின்ற கட்டடத்தில் எது மேல்பூச்சின் குறை, எது உள்ளே இருக்கும் காங்கிரீட்டின் குறை என்று கண்டுபிடிப்பது வேறொரு திறமை. பழுது பார்ப்பு, வலுவூட்டல் வேலைகளில் இருந்தவராகக் கிடைத்தால் விடாதீர்கள். முன்பு அவர் எழுதிய ஒரு ரிப்போர்ட்டை, பெயரும் முகவரியும் மறைத்து, அனுப்பச் சொல்லுங்கள். அதைப் படித்தாலே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு படத்துக்கும் இது எந்த அறை, எந்த மூலை, என்ன காரணமாக இருக்கலாம், உடனே செய்ய வேண்டியதா, பொறுத்துச் செய்யலாமா என்று எழுதியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், எதையெல்லாம் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாரா என்பது. "கிழக்கு அறை பூட்டியிருந்தது, அலமாரிக்குப் பின்னால் உள்ள சுவரைப் பார்க்க இயலவில்லை" என்று எழுதுபவர் நேர்மையானவர். "கட்டடம் நல்ல நிலையில் உள்ளது" என்று இரண்டு வரி எழுதி முத்திரை குத்தித் தருபவரின் காகிதத்தால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இனித் திருவான்மியூருக்கு வருகிறேன். கடலோரக் கட்டடங்களுக்கு எமன் உப்புதான். காற்றில் வரும் உப்பு வருடக்கணக்கில் காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துரு, இரும்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும். உள்ளிருந்து அது நெட்டித் தள்ள, கம்பி போகும் வழியிலேயே காங்கிரீட் வெடிக்கிறது, பிறகு பாளமாக விழுகிறது. சன்ஷேடின் அடிப்புறமும் பால்கனித் தளமும் பாத்ரூமுக்குக் கீழே உள்ள சீலிங்கும்தான் முதலில் விழுபவை. இன்றைய ஐ.எஸ். 456 தர விதி, கடற்காற்று படும் இடத்தில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கனத்துக்குக் காங்கிரீட் இருக்க வேண்டும் என்கிறது. அந்த விதி 2000-ல் வந்தது. 1990-களில் கட்டியவற்றில் பாதி கனம்கூட இல்லாத தளங்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

அதனால் உங்கள் இன்ஜினியரிடம் குறிப்பாகக் கேளுங்கள்: சுத்தியலால் தட்டிப் பார்ப்பீர்களா? பொள்ளலான சத்தம் வந்தால் உள்ளே காங்கிரீட் விலகியிருக்கிறது. கவர் மீட்டர் கொண்டுவருவீர்களா? அது கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும். பினாப்தலீன் போட்டுப் பார்ப்பீர்களா? புதிதாக உடைத்த காங்கிரீட்டில் அதைத் தெளித்தால் காரத்தன்மை உள்ள காங்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத பகுதி, கம்பியைக் காக்கும் சக்தியை இழந்துவிட்ட பகுதி. காங்கிரீட்டின் தரத்தை உடைக்காமலே கணிக்கும் ரீபவுண்டு ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனை, துளையிட்டுக் காங்கிரீட் மாதிரி எடுப்பது எல்லாம் இதற்கு அடுத்த கட்டம். கண்ணால் பார்த்ததில் சந்தேகம் வந்தால் மட்டும் அவை தேவை. எடுத்தவுடனே எல்லாச் சோதனையும் செய்தாக வேண்டும் என்பவரிடம் கட்டணப் பட்டியலைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பில்லரும் பீமும் மொட்டைமாடியும் எல்லோருக்கும் பொது. ஃப்ளாட்டை வாங்காத நீங்கள் அசோசியேஷன் அனுமதி இல்லாமல் அங்கே துளை போட முடியாது. செயலாளரிடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் பழைய கூட்டக் குறிப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். "பில்லர் ரிப்பேருக்கு ஃப்ளாட்டுக்கு இவ்வளவு வசூல்" என்று ஒரு வரி இருந்தால், எந்தக் கருவியும் சொல்லாத சரித்திரம் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

நீங்கள் தொலைவில் இருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். சோதிக்கும்போது அப்பா கூடவே இருக்கட்டும், நீங்கள் வீடியோ காலில் இருங்கள். பவர் வாங்கியிருப்பவர் சொந்தச் சித்தப்பாவாகவே இருந்தாலும் ரிப்போர்ட் நேராக உங்கள் ஈமெயிலுக்கு வரச் சொல்லுங்கள். வயதானவர்கள் இருக்கப்போகும் வீடு என்பதையும் இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள். லிஃப்ட் எந்த நிலையில் இருக்கிறது, பாத்ரூம் வாசலில் எத்தனை அங்குலம் இறங்க வேண்டும் என்பதையும் அவர் பார்த்து எழுதுவார்.

*

கேள்வி: கொளத்தூரில் ஒரு ஃப்ளாட் பார்க்கிறோம். புரோக்கரே இன்ஜினியர் ஒருவரை இலவசமாக அனுப்புவதாகச் சொல்கிறார். அவர் வாட்டர்ப்ரூஃபிங் வேலையும் எடுத்துச் செய்பவராம், குறை இருந்தால் அவரே சரி செய்து கொடுத்துவிடுவாராம். நல்லதுதானே?
– வாசகி, பெரம்பூர்

பதில்: நல்லதல்ல. அவர் அடுத்த வேலைக்கும் புரோக்கரை நம்பியிருப்பவர், அதனால் வியாபாரம் கெடும்படி எழுத மாட்டார். வாட்டர்ப்ரூஃபிங் வேலையும் அவரே செய்பவர் என்பதால் தேவையில்லாத இடத்திலும் வேலை இருப்பதாகச் சொல்ல அவருக்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஆளிடம் இரண்டு பக்கமும் இடறுகிறது. சோதித்துச் சொல்பவர் ஒருவர், சரி செய்பவர் இன்னொருவர் என்று இருந்தால்தான் இருவர் சொல்வதையும் நம்பலாம். நான் சோதித்த கட்டடத்தில் பழுது வேலையை எடுத்துக்கொள்வதில்லை என்பதை எழுத்தில் கொடுக்கிறேன். நீங்களும் உங்கள் இன்ஜினியரிடம் அதை எழுத்தில் கேளுங்கள்.

*

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் 40 வருடப் பழைய தனி வீடு வாங்கப் போகிறேன். எங்கள் குடும்பத்துக்கு அப்பா காலத்திலிருந்து வேலை செய்யும் மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். சுவரைத் தட்டியே சொல்லிவிடுவார். இன்ஜினியர் தேவையா?
– வாசகர், திருச்சி

பதில்: மேஸ்திரியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். பூச்சின் சத்தம், செங்கல்லின் வேகுமானம், தளத்தின் வாட்டம், சுண்ணாம்பு எங்கே போட்டிருக்கிறது, சிமென்ட் எங்கே போட்டிருக்கிறது என்பதையெல்லாம் பல இன்ஜினியர்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள். நான் கல்லூரியில் படிக்காத நிறைய விஷயங்களை மேஸ்திரிகளிடம்தான் கற்றுக்கொண்டேன். தேக்கு உத்தரம் போட்ட பழைய அக்ரகார வீடாக இருந்தால், உத்தரத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் உளுத்திருக்கிறதா என்று அவர் உளியால் குத்திப் பார்ப்பார். அதைச் செய்யத் தெரிந்த இன்ஜினியர்கள் இப்போது குறைவு.

ஆனால் தனி வீடு வாங்குகிற யாரும் இருக்கிறபடியே விடுவதில்லை. இன்றில்லாவிட்டாலும் மகனுக்குக் கல்யாணம் ஆகும்போது மாடியில் இன்னொரு போர்ஷன் எடுப்பீர்கள். அங்கேதான் இன்ஜினியர் தேவை. 40 வருடத்துக்கு முன்பு கட்டிய அந்த வீட்டில் பில்லரே இல்லாமல் சுவர்தான் பாரம் தாங்கியாக இருக்கக்கூடும். அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம், எவ்வளவு அகலம், அடியில் என்ன மண் என்று தெரியாமல் ஒரு செங்கல்கூட மேலே வைக்க முடியாது. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. ஆற்று மணலும் வண்டலும் மாறி மாறி வரும், ஒரு தெருவில் உள்ளது அடுத்த தெருவில் இருக்காது. சுவர் ஓரமாக ஓரிடத்தில் குழி தோண்டி அஸ்திவாரத்தை நேரில் பார்த்து, சுவரின் கனத்தை அளந்து, கணக்குப் போட்டு, "இன்னொரு தளம் தாங்கும்" அல்லது "தாங்காது" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் இன்ஜினியர். குழி தோண்ட விற்பவரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், பார்த்த பிறகு மூடித் தருவதாகவும் சொல்லுங்கள். மேஸ்திரியும் இன்ஜினியரும் ஒரே நாளில் வரட்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்தால் அங்கேயே நின்று பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

அவ்வளவு பழைய வீட்டுக்கு எலெக்ட்ரீஷியனையும் தனியாகக் காட்டுங்கள். எர்த் கம்பியே இல்லாமல் இரண்டு வயரோடு ஓடும் இணைப்புகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டில் கெய்சர் போடுவது உயிருக்கு ஆபத்து.

*

கேள்வி: விற்பவர் "வாங்கறதுன்னா வாங்குங்க, இன்ஜினியரெல்லாம் உள்ளே வரக்கூடாது" என்கிறார். என்ன செய்ய?
– வாசகர், மதுரை

பதில்: எதற்காக என்று ஒரு தடவை மரியாதையாக விசாரியுங்கள். சிலருக்கு வாடகைக்கு இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற கவலை இருக்கும், அதற்கு நேரம் மாற்றி வரலாம். காரணமே சொல்லாமல் மறுத்தால் வேறு வீடு பாருங்கள்.

*

கேள்வி: நான் கோயம்புத்தூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். பில்டரிடம் புது ஃப்ளாட் புக் செய்து, அடுத்த மாதம் சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். புதுக் கட்டடத்துக்குமா இன்ஸ்பெக்‌ஷன்? ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறதே என்கிறார்கள் நண்பர்கள்.
– வாசகர், சரவணம்பட்டி

பதில்: தம்பி, புதியது என்பதால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் மழை நாளில் இடிந்து விழுந்து 61 பேரின் உயிரைக் கொண்டுபோன 11 மாடிக் கட்டடம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. உங்கள் கட்டடம் அப்படி என்று சொல்லவில்லை. எதைப் புதியதென்று நம்புகிறீர்களோ அதற்கு மண் பரிசோதனை ரிப்போர்ட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கும் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். உங்கள் இன்ஜினியர் அவற்றை ஒரு மணி நேரம் படித்தாலே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

ரெரா உங்களுக்கு உண்மையிலேயே பலம். 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டட அமைப்பிலோ வேலைத் தரத்திலோ வரும் குறையை நீங்கள் தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் கூடுதல் காசு கேட்காமல் சரி செய்து தர வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் கட்டியவை, 8 வீட்டுக்கு மிகாதவை போன்ற சிறிய திட்டங்களுக்கு ரெராவில் பதிவு செய்வது கட்டாயமில்லை. உங்களுடையது பதிவானதா என்று தமிழ்நாடு ரெரா தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆனால் குறையை எழுத்தில், தேதியோடு, படத்தோடு காட்டினால்தான் உரிமைக்குப் பலன் உண்டு. சாவி வாங்கும் நாளில் உங்கள் இன்ஜினியர் எழுதித் தரும் பட்டியலே உங்கள் முதல் ஆதாரம்.

அவரோடு நீங்களும் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து டைல்ஸைத் தட்டிக்கொண்டு போங்கள். வெற்றுச் சத்தம் வரும் டைலுக்கு அடியில் கலவை சரியாக நிரம்பவில்லை. பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது சல்லடைக்கு ஓடுகிறதா, மூலையில் நிற்கிறதா என்று பாருங்கள். வடிகாலை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி, மறுநாள் கீழ்வீட்டுச் சீலிங்கைப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. வீட்டு மின் இணைப்புகள் பிரியும் டி.பி. பாக்ஸில், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கும். அதன் டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். உடனே கரண்ட் போக வேண்டும். இவற்றையெல்லாம் குடிவந்து, அலமாரியும் கட்டிலும் போட்ட பிறகு செய்ய முடியாது.

"எல்லாம் திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். உங்கள் பட்டியலை அதோடு இணைத்து, "இணைப்பில் உள்ள குறைகள் நீங்கலாக" என்று கைப்பட எழுதிவிட்டுப் போடுங்கள்.

*

கேள்வி: நீங்கள் முன்பு எழுதியதைப் படித்து, குரோம்பேட்டையில் பார்த்த 22 வருடப் பழைய ஃப்ளாட்டுக்கு இன்ஜினியரை வைத்துச் சோதித்தோம். ரிப்போர்ட் 30 பக்கத்துக்கு மேல், குறைகள் மட்டும் முப்பத்தெட்டு. மாமியார் "இந்த வீடே வேண்டாம்" என்கிறார். எனக்கோ வீடு ரொம்பப் பிடித்திருக்கிறது. விட்டுவிடவா?
– வாசகி, பல்லாவரம்

பதில்: நீங்கள் அனுப்பிய நகலை முழுவதும் படித்தேன். உங்கள் இன்ஜினியர் நன்றாக வேலை செய்திருக்கிறார். 22 வருடம் குடியிருந்த வீட்டில் முப்பத்தெட்டுக் குறை எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தால்தான் எனக்குக் கவலை வந்திருக்கும்.

எண்ணிக்கையை மறந்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: நாமே செய்துகொள்வது, விலையில் குறைக்கச் சொல்வது, பதில் வரும்வரை வாங்கக் கூடாதது. கதவு தேய்வது, குழாய் சொட்டுவது, சுவிட்ச் மாற்றுவது, பீம் ஓரத்து மெல்லிய விரிசல், பெயின்ட் உரிவது எல்லாம் முதல் வகை. என் கணக்கில் முப்பத்தொன்று அங்கேயே போய்விடுகிறது.

இரண்டாவது வகையில் ஆறு. வீட்டின் பொதுக் கழிப்பறைக்கு மேலே, மேல்வீட்டுக் கழிப்பறையின் சன்கன் ஸ்லாபில் (குழாய்களுக்காகத் தாழ்த்திப் போட்ட தளத்தில்) கசிவு, சமையலறைக்கு மேலே தளத்தில் ஓதம், துருப்பிடித்த பழைய ஜி.ஐ. குழாய், எர்த் சரியில்லாத இரண்டு அறை, பெயர்ந்த சன்ஷேடு, உளுத்த பால்கனி நிலை. இவற்றுக்கு ஒரு கான்ட்ராக்டரிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி, ரிப்போர்ட்டோடு சேர்த்து விற்பவரிடம் காட்டுங்கள். வாய்ப்பேச்சில் ஐம்பதாயிரம் குறைக்காதவர்கள், காகிதத்தைப் பார்த்து இரண்டு லட்சம் குறைத்ததைப் பார்த்திருக்கிறேன். கழிப்பறைக் கசிவு மேல்வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் தீராது. வாங்கும்முன் நீங்களே மாடி ஏறிப்போய் அவர்களோடு ஒரு காபி நேரம் பேசிப் பாருங்கள். எப்படிப்பட்டவர்கள் என்பதும் தெரிந்துவிடும்.

மிச்சம் ஒன்று. கார் நிறுத்தும் இடத்தில் வடமேற்கு மூலைப் பில்லரில், தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை நிற்கும் வெடிப்பு. படத்தில் பழுப்புக் கறையும் தெரிகிறது. "மேலும் ஆய்வு தேவை" என்று மட்டும் உங்கள் இன்ஜினியர் எழுதியிருக்கிறார். அவர் செய்தது முறைதான், உடைத்துப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. அசோசியேஷன் செயலாளரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அது அவர்கள் எல்லோரையும் தாங்கும் பில்லர், அனுமதி தராமல் இருக்க மாட்டார்கள். பூச்சைக் கொத்தி எடுத்து, கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, வலுவூட்டினால் போதுமா, செலவை யார் ஏற்பது என்பது எழுத்தில் வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மறுபடி வருவதற்கு உங்கள் இன்ஜினியர் தனிக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அன்று மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேட்க நினைப்பதை இன்ஜினியரிடம் நேராகவே கேட்கட்டும்.